வராதவனுக்குச் சில்லு கிடையாது

என் மச்சான் முகுந்தா,

நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. உன் முதலாண்டுத் திதிக்குப் பேப்பரில் நினைவஞ்சலி போட வேண்டும், நான்தான் எழுத வேண்டும் என்று பாலா வாத்தியார் இப்போதிருந்தே என் உயிரை எடுக்கிறான். மாதிரிக்கு நாலு வரி அனுப்பியிருந்தான். ‘எங்கள் குடும்பத்தின் ஒளிவிளக்கே’ என்று ஆரம்பித்தது. நீ ஒளிவிளக்கா? பில் கட்ட மறந்து இரண்டு தடவை உன் வீட்டில் கரண்டையே வெட்டிவிட்டுப் போனார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். இதைத்தான் அச்சில் போடுவோம் என்று பாலாவிடம் சொல்லிவிட்டேன். ஊரே படிக்கும். படிக்கட்டும், எனக்கென்ன வெட்கம்.

போன சனிக்கிழமை கூடினோம், மச்சான். உன் வீட்டு வாசல் போர்ச்சில்தான். இந்த வருடச் சில்லு உனக்கு உண்டா கிடையாதா என்று பெரிய சண்டை. என்ன முடிவாயிற்று என்றுதான் நீ முதலில் கேட்பாய். அவசரப்படாதே. உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கப் போகிறார்கள், அவர்களுக்கும் புரிய வேண்டும் இல்லையா?

நாம் எட்டுப் பேர். ஒரே ரப்பர் தோட்டம், ஒரே பள்ளி வேன், ஒரே வாத்தியாரிடம் அடி. பிறகு ஆளுக்கொரு பக்கம். ராஜு சிங்கப்பூரில் லோரி ஓட்டுகிறான். பாலா சுங்கை ரம்பாய் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் வாத்தியார். நான் மெர்லிமாவில் மோட்டார் பட்டறை. நீ விளம்பரப் பலகை செய்யும் கடையில். மற்ற நாலு பேரும் ஜொகூர், கோலாலம்பூர் என்று போய்விட்டார்கள். தீபாவளி முடிந்து வரும் முதல் சனிக்கிழமை மத்தியானம், யார் எங்கே இருந்தாலும் உன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நெய்ச்சோறு சாப்பிட வேண்டும். போக்கர் சீட்டு ஆட வேண்டும்.

காசு வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாய். “காசு வெச்சோம்னா ரெண்டாவது வருசம் எவனும் வர மாட்டான் லா” என்றாய். காசுக்குப் பதில் ஆளுக்கு ஒரே அளவு வெறும் சில்லு, தீர்ந்தவன் எழுந்துவிட வேண்டும், கடைசிவரை உட்கார்ந்திருப்பவன் ஜெயித்தவன். ஜெயித்தவனுக்குப் பரிசு என்ன? அடுத்த வருடச் சில்லில் என்ன படம் போடுவது என்று அவன் சொல்லலாம். அவ்வளவுதான். அதற்கே ஐம்பது வயது ஆண்கள் எப்படி அடித்துக்கொள்வோம் என்பதைப் பார்த்தவர்கள்தான் நம்புவார்கள்.

அந்தப் படம் போட்ட சில்லுதான் நம் சொத்து. பெரிய நாணயம் மாதிரி வட்டமாக, பீங்கான் மாதிரிக் கனமாக இருக்கும். ஒரு பக்கம் அந்த வருடத்துப் படம், மறுபக்கம் எத்தனையாவது கூட்டம் என்ற எண். படத்தை நீயே கணினியில் வரைந்து வெளிநாட்டுக்கு ஆர்டர் அனுப்புவாய். முன்விளக்கு இல்லாத மோட்டார், ராஜு லோரியால் இடித்து வளைத்த உன் வீட்டு கேட், கிளேபாங் கடற்கரையில் இளநீர் குடிக்கப் போய் மணலில் சிக்கிக்கொண்ட வேன் என்று ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு அசட்டுத்தனம். சில்லு சேர்த்து வைக்கும் டப்பாவை மறக்காமல் எடுத்து வந்து, போன வருடச் சில்லை ஆடும்போது கையிலுள்ள சீட்டின் மேல் பாரமாக வைக்க வேண்டும். சில்லு இல்லாதவன் போத்தல் மூடியை வைக்க வேண்டும். அது எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குத்தான் தெரியும்.

ஏனென்றால் நீ போட்ட சட்டம் அப்படி. வந்தவனுக்குச் சில்லு உண்டு, வராதவனுக்குச் சில்லு கிடையாது. சாக்குக்கு இடமில்லை. ஆர்டர் கொடுத்தால் பத்துக்குக் குறைந்து செய்து தர மாட்டார்கள், நாம் எட்டுப் பேர், மிச்சம் இரண்டு. அந்த இரண்டையும் ஆட்டம் ஆரம்பிக்கும் முன் போர்ச் படிக்கட்டில் வைத்து, சிவப்பு டேப் சுற்றிய உன் சின்னச் சுத்தியலால் எல்லார் முன்னாலும் உடைப்பாய். எவனும் பின்கதவால் வந்து வாங்கிவிடக் கூடாதாம். அது லேசில் உடையாது. மூன்றாவது, நாலாவது அடியில்தான் தெறிக்கும். நாங்கள் கை தட்டுவோம்.

ஆறாவது வருடம் எனக்கு டெங்கி. மலாக்காவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். மறுநாள் நீ பார்க்க வந்தாய். சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொன்ன ஆட்டிறைச்சியை மறைத்து எடுத்து வந்தாய், சில்லை மட்டும் எடுத்து வரவில்லை. “சட்டம்னா சட்டம் மச்சான்” என்றாய். என் பங்கையும் சேர்த்து மூன்று சில்லு உடைத்திருக்கிறாய். ராஜு அதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினான், பாவி. மூன்று மாதம் நான் உன்னிடம் பேசவில்லை. அடுத்த வருடம் போத்தல் மூடியை வைத்துக்கொண்டு ஆடினேன். என் டப்பாவில் ஆறாம் எண் இன்றைக்கும் இல்லை.

போன வருடக் கூட்டத்தில், பன்னிரண்டாவதில், முதல் தடவையாக நான் ஜெயித்தேன். நீ எழுந்து வந்து என் முதுகில் ஓங்கிக் குத்தினாய். “கடைசியில நீயும் ஜெயிச்சிட்ட லா! என்னா படம்? சொல்லு சொல்லு” என்றாய். நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில், பக்கத்தில் தொங்கும் தண்ணீர் பாட்டில், இதுதான் என் மனசில் இருந்த படம். ஆறு வருடமாக வைத்திருந்த வஞ்சம். உன்னைக் கொஞ்சம் தவிக்க விடலாம் என்று, “அப்புறம் சொல்றேன்” என்றேன். பொங்கலுக்குக் கேட்டாய். சொல்லவில்லை. நீ போன அந்த வாரம்கூட போன் பண்ணிக் கேட்டாய். “அவசரம் என்னா, தீபாவளிக்கு இன்னும் எவ்வளவு நாள் கெடக்கு” என்றேன். சொல்லித் தொலைத்திருக்கலாம். விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். இதை நினைக்காத நாள் இல்லை, மச்சான்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். இதற்குத்தான் கடிதமே.

உன்னைப் பெட்டியில் வைத்திருந்த அன்று ராஜு சிங்கப்பூரிலிருந்து நேராக வந்து சேர்ந்தான். அழுது ஓய்ந்தபின், “அவன் சில்லையெல்லாம் அவன்கூடவே அனுப்பணும் லா. வேற யாருக்கு என்னா தெரியும் அதோட அருமை?” என்றான். எல்லோரும் ஆமாம் என்றோம். நான்தான் உள்ளே போனேன். டீவிக்குக் கீழே சிவப்பு மூடி போட்ட பலகார டப்பாவில் உன் பன்னிரண்டு சில்லும் இருந்தன. நம் எல்லாரிலும் ஒன்றுகூடக் குறையாதது உன் டப்பாதானே. யாரையும் கேட்கவில்லை. எடுத்து வந்தேன். உன் சட்டைப் பையில் கொஞ்சம், கைப்பக்கம் கொஞ்சம் என்று ஒவ்வொன்றாக வைத்தேன்.

உன் தலைமாட்டில் லலிதா உட்கார்ந்திருந்தாள். எனக்கு உடன்பிறந்த ஒரே தங்கச்சி. உனக்கு இருபத்தாறு வருடம் சோறு போட்டவள். என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவளும் தன் கையால் ஒன்றை வைக்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உன் நெஞ்சின்மேல் வைத்தாள். நாங்கள் எல்லோரும் தேம்பினோம். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி வேறு எனக்கு.

தீபாவளி நெருங்கியது. நம் வாட்ஸாப் குழுவில் ஆரம்பித்தார்கள். கூடலாமா வேண்டாமா, துக்க வீடாயிற்றே, வேறு எங்காவது வைத்துக்கொள்ளலாமா என்று. நான் போய் லலிதாவிடம் கேட்டேன். அவள் பிளவுஸ் ஒன்றுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“தீபாவளிதான்ணே கெடையாது. சனிக்கெழமை உண்டு. இங்கியே வெச்சுக்குங்க” என்றாள்.

உன் மகள் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். பலகாரம் சுடவில்லை, புதுத்துணி இல்லை. உன் மோட்டார் என் பட்டறையில்தான் நிற்கிறது, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் போட்டு அணைக்கிறேன். அதை என்ன செய்வது என்று லலிதாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

படம் போடும் உரிமை என்னுடையது. எல்லோரும் உன் முகத்தைப் போடச் சொன்னார்கள். முகம் போடக் கூடாது என்று சட்டம் போட்டவனே நீதான், “நம்ம மூஞ்சிய எவன்டா பாப்பான்” என்று. கட்டிலைப் போட எனக்கு மனசு வரவில்லை. உன் சுத்தியலைப் போட்டேன். நீ வேலை செய்த கடையில் கெஞ்சி வரைந்து வாங்கி ஆர்டர் அனுப்பினேன். நீலம் கேட்டேன், கத்தரிக்காய் நிறத்தில் வந்தது. நீ இருந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் ஏழு பேரும் வந்துவிட்டோம். காரை வெளியே விட்டுவிட்டு, போர்ச்சில் உன் பழைய மேசையைப் போட்டோம். சாப்பாடு ஆனது. நெய்ச்சோறு இல்லை, வெறும் சோறும் கோழிக் குழம்பும். ஆனால் குழம்பு அதே குழம்பு. நான் பத்துச் சில்லையும் மேசையில் அடுக்கினேன். ஏழு பேருக்கும் கொடுத்தேன். மிச்சம் மூன்று.

ராஜு ஒன்றை எடுத்து உள்ளே சுவரில் மாட்டியிருக்கும் உன் படத்துக்குக் கீழே வைக்கப் போனான். பாலா எழுந்து அவன் கையைப் பிடித்துவிட்டான்.

“வராதவனுக்குச் சில்லு கெடையாது. அவன் போட்ட சட்டம்டா அது.”

“ஏன் லா இப்பிடிக் கல்லு மாதிரி பேசற? செத்தவன் எப்பிடி வருவான்?”

“குணாவுக்கு டெங்கி வந்தப்பக்கூட அவன் குடுக்கலை. இன்னிக்கு அவனுக்கே குடுத்தோம்னா அவன் பேச்சுக்கு என்னா மரியாதை?”

“அவன் இல்லாம நமக்கென்னா மரியாதை?”

ராஜு அழ ஆரம்பித்துவிட்டான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள், பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். என்னைக் கேட்டார்கள். எனக்கு இரண்டும் சரி என்றுதான் பட்டது. கொடுத்தால் நீ கோபித்துக்கொள்வாய். கொடுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நீயே சொல், நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

நான் வாயைத் திறக்கும் முன் லலிதா உள்ளேயிருந்து பால் விடாத தே ஓ டீத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். மேசையில் வைத்தாள். வழக்கமாக வைத்துவிட்டுப் போய்விடுவாள் இல்லையா? போகவில்லை.

“அண்ணே, ஒன்னு கேக்கறேன். வந்தவங்களுக்குத்தானே சில்லு?”

“ஆமா” என்றேன்.

“பன்னெண்டு தடவையும் நான் எங்க இருந்தேன்?”

எனக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை, மச்சான். “இங்கதான் இருந்த” என்றேன்.

“ஒரு தடவையாச்சும் வராம இருந்தேனா? உங்களுக்கு டெங்கி வந்துச்சு. ராஜு அண்ணனுக்கு ஒரு வருசம் லீவு கெடைக்கல. நான் கொழந்தைக்குக் காய்ச்சல்னாலும் இங்கதான் நின்னேன். எட்டுப் பேருக்கு ஆக்கிப் போட்டேன், தண்ணி குடுத்தேன். அவரு ரெண்டு ரெண்டா ஒடைப்பாரு, நீங்கல்லாம் கை தட்டுவீங்க. தெறிச்ச தூளெல்லாம் கூட்டி அள்ளுனது யாரு?”

பாலா தன் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு வேணும்னு நான் வாயத் தொறந்து கேட்டதில்ல. அவர்ட்ட இருக்கே, வீட்டுக்கு ஒன்னு போதும்னு விட்டுட்டேன். அது வீட்லயே இருக்கட்டும்னுதான் அன்னிக்கு டப்பாவுக்குக் கை நீட்டுனேன். நீங்க ஒன்ன எடுத்துக் கைல குடுத்து, வெய்யுன்னு நின்னீங்க. இவ்வளவு பேரு அழுதுகிட்டு நிக்கறப்ப நான் என்னான்னு சொல்ல? நீங்க குடுத்தது எது தெரியுமாண்ணே? மொத வருசத்துது. மோட்டார் படம்.”

மச்சான், உனக்கு நினைவிருக்கும். முதல் வருடம் வெளிநாட்டு ஆர்டரெல்லாம் ஏது? வெறும் சில்லு வாங்கி, காகிதத்தில் படத்தை அச்சடித்து ஒட்டினோம். நீயும் நானும் வெட்டிய வட்டமெல்லாம் கோணல். கடைசியில் லலிதாதான் தன் தையல் கத்தரிக்கோலால் எட்டு வட்டத்தையும் பிசிறில்லாமல் வெட்டிக் கொடுத்தாள். எட்டு. ஒன்பதாவது ஒன்று வெட்டிக்கொள் என்று நீ சொல்லவில்லை. அண்ணன் என்று இருந்த நானும் சொல்லவில்லை.

“என் கத்திரிக்கோல் பட்டது அது ஒன்னுதான் இந்த வீட்ல இருந்துச்சு. அதையும் என் கையாலயே வெக்க வெச்சீங்க.”

குரல் உயரவே இல்லை. சாயங்காலம் கடைக்குப் போக வேண்டும் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன். “தெரியாம பண்ணிட்டேன்மா. மன்னிச்சிடு” என்றேன். தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்பது அதுதான் முதல் தடவை. ராஜு முகத்தை மூடிக்கொண்டான், யோசனை அவனுடையது அல்லவா.

பாலா தன் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் தள்ளினான். “எது வேணுமோ எடுத்துக்கம்மா” என்றான். மற்றவர்களும் தத்தம் டப்பாவை எடுத்தார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

“வேணாம்ணே. அது நீங்க வந்ததுக்கு வாங்குனது. நான் இன்னிக்கு வந்திருக்கேன், இன்னிக்குள்ளதக் குடுங்க.”

நான் மூன்றில் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். சுத்தியல் படத்தைப் பார்த்தாள். “என்னா இது, கத்திரிக்கா கலரு” என்றாள். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

“அப்ப முகுந்தனுக்கு?” என்று ராஜு கேட்டான், சின்னக் குரலில்.

“அவரு வரலியே” என்றாள் லலிதா.

உள்ளே போனாள். உன் சுத்தியலோடு வந்தாள். படிக்கட்டில் குந்தி உட்கார்ந்து, மிச்சமிருந்த இரண்டில் ஒன்றை வைத்து ஓங்கி அடித்தாள். உனக்கு நாலு அடி வேண்டும். அவள் இரண்டாவது அடியில் தெறிக்க விட்டாள். அடுத்ததை வைத்தாள். அதை அடிக்கும் முன்னால் மட்டும் கொஞ்சம் நின்றாள். பிறகு அதையும் உடைத்தாள். நாங்கள் யாரும் கை தட்டவில்லை. எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, உன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“சீட்டப் போடுங்க” என்றாள்.

“ஆடத் தெரியுமா?” என்று பாலா கேட்டான். வாத்தியார் புத்தி எங்கே போகும்?

“பன்னெண்டு வருசமா ஜன்னல்ல நின்னு பாத்துகிட்டுதானே இருக்கேன்.”

சீட்டின் மேல் வைக்க அவளிடம் போன வருடச் சில்லு இல்லை. சட்டப்படி போத்தல் மூடிதான். பாலா ஒரு மூடியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான். நான் அதை எடுத்து என் சீட்டின் மேல் வைத்துக்கொண்டேன். என் பன்னிரண்டாம் எண்ணை, நான் ஜெயித்த கூட்டத்துச் சில்லை, அவள் பக்கம் நகர்த்தினேன். “ஆட்டம் முடிஞ்சதும் திருப்பித் தந்துடறேன்” என்றாள்.

எங்களைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள், மச்சான். கையில் ஒன்றுமில்லாமல் வீறாப்பு காட்டும்போது ராஜு காதைச் சொறிவானாம். பாலா கண்ணாடியைத் துடைப்பானாம். நமக்கே தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொருவனாக எழுந்து போனான். கடைசியில் நானும் அவளும். எனக்கு அருமையான சீட்டு. என் சில்லு முழுவதையும் முன்னால் தள்ளினேன். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, என் கிளாஸைப் பார்த்தாள். அந்த ஆட்டம் வேண்டாமென்று சீட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

“ஏன் லா?” என்றேன்.

“நல்ல சீட்டு வந்தா உங்களுக்குத் தொண்டை காயும்ணே. தண்ணி குடிப்பீங்க.”

அதற்குப் பிறகு நான் தண்ணீரைத் தொடவில்லை. அதனால் என்ன, அடுத்த மூன்று ஆட்டத்தில் என்னையும் எழுப்பிவிட்டாள். பன்னிரண்டு வருடத்தில் எட்டுப் பேரில் ஒருவனாவது அவளை உட்காரச் சொல்லியிருந்தால், நம்மில் பாதிப் பேர் ஒரு படமும் போட்டிருக்க மாட்டோம்.

“சரிம்மா, அடுத்த வருசத்துக்கு என்னா படம்?” என்று பாலா கேட்டான். உன் படத்தைத்தான் சொல்வாள் என்று எல்லோரும் நினைத்தோம். சட்டத்தை அவளுக்காக மீறலாம் என்றுகூட நான் முடிவு செய்துவிட்டேன்.

“வெளக்கமாறு” என்றாள்.

முதலில் ராஜு சிரித்தான். அடக்க முடியாமல் எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். நீ போனபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னைப் போல நாலு மாதம் இழுத்தடிக்கவில்லை, கேட்டதும் சொல்லிவிட்டாள்.

படிக்கட்டில் அவள் உடைத்த துண்டுகள் அப்படியே கிடந்தன. மத்தியானத்திலிருந்து ஏழு ஆண்பிள்ளைகளும் அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்திருக்கிறோம். பழக்கத்தில் லலிதா எழுந்தாள். நான் முந்திக்கொண்டேன். உன் வீட்டு விளக்கமாறு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. “கதவுக்குப் பின்னாலண்ணே” என்றாள்.

கூட்டினேன். அது எளிதில்லை, தெரியுமா? தூள் படிக்கட்டு இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. குனிந்து நோண்டினால்தான் வருகிறது. அதில் சில்லுப் படத்திலிருந்த சுத்தியலின் சிவப்புக் கைப்பிடி மட்டும் முழுசாக இருந்த துண்டு ஒன்று கிடந்தது. இரண்டில் எது உன் பங்காக இருந்திருக்குமோ, யாருக்குத் தெரியும். ஒன்று உன்னுடையதாக இருந்திருக்கும். அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளக் கை போனது. நிமிர்ந்து பார்த்தேன். லலிதா உன் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முறத்தில் அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டேன், மச்சான். உன்னுடையதையும் சேர்த்துத்தான். அழுதுகொண்டேதான் கொட்டினேன். அதை மறைப்பானேன்.

கிளம்பும்போது என் டப்பாவை மூடினேன். ஆறாம் எண் இல்லை, இப்போது பன்னிரண்டாம் எண்ணும் இல்லை. லலிதா திருப்பித் தரவில்லை. டீவிக்குக் கீழே, சிவப்பு மூடி டப்பாவில், இந்த வருடச் சில்லோடு அது சேர்ந்து கிடந்ததைப் பார்த்தேன். நான் கேட்கவில்லை.

அடுத்த வருடம் விளக்கமாறு படம் போட்டுப் பத்துச் சில்லு வரும். நிறத்தை இந்தத் தடவை நான் சரியாகப் பார்த்து வாங்குவேன். எட்டுப் பேர் உட்காருவோம், எட்டைக் கொடுப்போம். சமையலை இப்போதே ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டாயிற்று, எனக்குக் கோழிக் குழம்பு விழுந்திருக்கிறது, கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். மிச்சம் இரண்டையும் லலிதா உடைப்பாள். உனக்குக் கிடையாது, மச்சான். நீ வரமாட்டாய், சாக்குக்கு இடமில்லை. எனக்கு உடம்பில் தெம்பு இருக்கும்வரை அந்தப் படிக்கட்டை நான்தான் கூட்டுவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் மச்சான்,
லலிதாவின் அண்ணன்,
குணா
மெர்லிமாவ்